ஊருக்குப் போவது உரிமை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பேச்சு தொடங்கிவிடும்: யாரை ஊருக்கு அனுப்புவது, யாரை நிறுத்திவைப்பது? வெளிநாட்டு கிறிஸ்துமஸ் ஆர்டரில் பாக்கிச் சரக்கு அந்த நேரத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். அவிநாசி ரோட்டுப் பக்கம் சிறிய பவர்டேபிள் யூனிட் நடத்தும் எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். ஆனாலும், தொழிலாளி ஊருக்குப் போவதை முதலாளி மனசு வைத்துத் தரும் சலுகையாக நாம் நடத்துவது தவறு. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்தவருக்குச் சொந்த ஊரின் கோயிலும் உறவும் கட்டாயம் வேண்டும்.

இந்த எண்ணத்தை எனக்குள் உறுதியாக்கியது கொச்சி மட்டாஞ்சேரி. எங்கள் யூனிட்டின் ஒடிசா பையன்கள் ஊருக்கு ஏறும் தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில், எதிர்த்திசையில் எர்ணாகுளம் போய், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைப் பார்த்தேன். தரை முழுக்கச் சீனத்து நீல ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள். அங்கே தொழுதவர்களில் பெரும்பாலோர்தான் இல்லை. கொச்சி யூதர்களில் மிகப் பலர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

யூத மரபில் கூட்டு வழிபாடு முழுமையாக நடக்க வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். மட்டாஞ்சேரியில் உள்ளூரிலேயே அந்தப் பத்துப் பேர் தேறிய காலம் மலையேறிவிட்டது. வெளியூர் யூதர்கள் வந்து சேரும்போதுதான் எண்ணிக்கை நிறைகிறது, வழிபாடு நடக்கிறது. பயணம் போகிறவருக்குத் தெம்பு வருவது நமக்குத் தெரியும். அவர் போய்ச் சேரும் இடமும் அவரால் உயிர்பெறுகிறது என்பதை அங்கேதான் கண்டேன். இஸ்ரேலில் பிறந்த பிள்ளைகள் தங்கள் தாத்தா பாட்டியின் பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆலயங்களைத் தேடி வருகிறார்கள். 1615-இல் மறைந்த ஞானி நெஹேமியா மோத்தாவின் சமாதியில் யூதர்களோடு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வது மட்டாஞ்சேரி வழக்கம்.

யூத மறை இந்தப் பயணத்தை அவரவர் வசதிக்கு விட்டுவிடவில்லை. பெசாக், ஷாவுவோத், சுக்கோத் ஆகிய மூன்று திருவிழாக்களுக்கும் எருசலேம் ஆலயத்துக்குப் போக வேண்டும் என்பது கட்டளை. மகனும் மகளும் மட்டும் கொண்டாடினால் போதாது; வேலைக்காரரும், விதவையும், அநாதையும், ஊரில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரரும் அந்த மகிழ்ச்சியில் சேர வேண்டும் என்கிறது உபாகமம் 16-ஆம் அதிகாரம். கி.பி. 70-இல் ரோமானியர் அந்த ஆலயத்தை இடித்தார்கள். விழாக்கள் நிற்கவில்லை. சுக்கோத் நாட்களில் இன்றும் தழை வேய்ந்த குடிலில் அமர்ந்து சாப்பிட்டு, பாலைவனத்தில் அலைந்த முன்னோரை நினைக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், சபத் அன்று, தூரப் பயணமும் கூடாது, வேலையும் கூடாது. அந்த ஓய்வும் வேலைக்காரருக்கு உண்டு.

கொங்கு நாட்டுக்காரருக்கு இது புரியாத விஷயமல்ல. தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்களின் கால் கொப்புளத்தையும் முகத்துத் தெளிவையும் ஒருசேரப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2021 முதல் தைப்பூசம் அரசு விடுமுறையும் ஆகிவிட்டது. ஆனால் நம் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களின் நாட்காட்டி வேறு. தேனிக்காரருக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா. ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் வரும் ரஜ பண்டிகை. அந்த மூன்று நாளும் பூமிக்கே ஓய்வு என்று மண்ணைக் கிளறமாட்டார்கள். பீகார்க்காரருக்குத் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் சட் பூஜை. தீபாவளிக்கு மூன்று நாள் லீவு விட்டு உடனே கம்பெனியைத் திறந்தால், அவர் பண்டிகை கொண்டாடுவது எப்படி?

தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தருகிறது. அந்த ஐந்தை ஆபீசில் உட்கார்ந்து குறிக்காமல், ஜனவரியிலேயே தொழிலாளரோடு பேசி முடிவுசெய்யலாம். தொலைவிலிருந்து வந்தவருக்குப் பயண நாட்களைச் சேர்த்து, ரயில் முன்பதிவு தொடங்கும் முன்பே லீவை உறுதி சொல்லலாம். திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பிடித்துவைக்கும் பழக்கம் அறவே ஒழிய வேண்டும்.

ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமே என்பார்கள். எங்கள் யூனிட்டில் தேதி பேசி, கணக்கு முடித்து அனுப்பியவர்கள் சொன்ன நாளில் வந்திருக்கிறார்கள். அனுமதி கிடைக்காதவர்தான் ஒரு நாள் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

வெளியூர்க்காரர் வந்து சேர்ந்ததால்தான் திருப்பூரின் லைன்கள் ஓடுகின்றன. பையர் தரும் ஷிப்மெண்ட் தேதிகளுக்குப் பக்கத்திலேயே தொழிலாளரின் திருவிழாத் தேதிகளையும் எழுதி ஒட்டுவோம். இரண்டையும் பார்த்த பிறகே ஆர்டருக்குச் சம்மதம் சொல்வோம்.