இரு நீர் கூடும் இடம்

இரவு, பகல், இன்பம், துன்பம், வெப்பம், தட்பம். எதிர்ச்சொற்களை எழுதும் மாணவர் இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு பெருக்கற்குறியை இடுவது வழக்கம். நாளடைவில் அக்குறி ஒரு வேலியைப் போல மனத்தில் நின்றுவிடுகிறது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று இருத்தல் ஆகாது என்றும், இரண்டும் எதிர்ப்பட்டால் ஒன்று வெல்ல மற்றொன்று தோற்க வேண்டும் என்றும் ஓர் எண்ணம் வேரூன்றுகிறது. இயற்கையின் நடைமுறை வேறு. அதனை அறிய விரும்புவோர், ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தைக் காண வேண்டும். நன்னீரும் உவர்நீரும் நாள்தோறும் எதிர்ப்படும் இடம் அது.

மண் பிறக்கும் இடம்

கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய ஆறுகள் வங்காள விரிகுடாவில் கலக்கும் நிலப்பகுதியில் சுந்தரவனம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பகுதி, அலையாத்திக் காடுகளுக்கு உலகப் புகழ் பெற்றது. இதில் ஐந்தில் இரண்டு பங்கு மேற்கு வங்காளத்திலும், எஞ்சிய பங்கு வங்காளதேசத்திலும் உள்ளன. இங்கே நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறுகிறது, இருமுறை இறங்குகிறது. இவ்வேற்ற இறக்கத்தை ஓதம் என்பர். ஓதம் ஏறும்போது உவர்நீர் ஆறுகளின் வழியே உள்நாட்டுக்குள் நுழைகிறது. அது இறங்கும்போது ஆற்றுநீர் கடலை நோக்கிப் பாய்கிறது.

இந்த எதிர்ப்பினால் விளையும் பயன் வியப்புக்குரியது. இமயத்திலிருந்து ஆறுகள் சுமந்து வரும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கியபடி மிதந்து செல்கின்றன. உவர்நீரைச் சேர்ந்தவுடன் உப்பின் செயலால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. திரண்டவை கனம் மிகுந்து அடியில் படிகின்றன. ஏறிவரும் ஓதம் ஆற்றின் விரைவைத் தணிப்பதால் வண்டல் மேலும் படிகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாறு படிந்த வண்டலே தீவுகளாக உயர்ந்தது. கடல் எதிர்கொள்ளாவிடில் அவ்வண்டலில் பெரும்பகுதி தொலைவில் சிதறியிருக்கும். ஆறு வாராவிடில் படிவதற்கு மண்ணே இருந்திராது. இரண்டில் ஒன்று வென்றிருந்தால் அங்கு நிலம் தோன்றியிராது.

மரம் செய்யும் உழைப்பு

இரு நீர் கூடும் இடத்தில் வாழ்வது எளிதன்று. உவர்நீர் பெரும்பாலான மரங்களைக் கொல்லும். சேற்றில் வேர்கள் மூச்சுவிடக் காற்றில்லை. அங்கு வளரும் அலையாத்தி மரங்கள் இவ்விடர்களைத் தம் உழைப்பால் எதிர்கொள்கின்றன. வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே குச்சிகளைப் போன்ற மூச்சுவேர்களை நீட்டிக் காற்றைப் பெறுகிறது. தன்னுள் புகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னை மரமோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்து நீரை உறிஞ்சுகிறது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடுகிறது. கீழே விழுந்த முளை அவ்விடத்துச் சேற்றில் ஊன்றுவதும் உண்டு; ஓதத்தோடு மிதந்து சென்று வேறொரு கரையில் வேரூன்றுவதும் உண்டு.

இம்மரங்கள் உப்பை வெறுத்து ஓடவும் இல்லை. வந்த உப்பையெல்லாம் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கொள்ளத் தக்கதைக் கொண்டு, தள்ளத் தக்கதைத் தள்ளி வாழ்கின்றன. எதிர்நிலைகளுக்கு நடுவே வாழ்வது சும்மா இருந்து பெறும் அமைதி அன்று. ஓயாத தொழில் ஆகும்.

அளவும் இங்கு இன்றியமையாதது. சுந்தரவனத்துக்குப் பெயர் தந்ததாகக் கூறப்படும் சுந்தரி மரம், மற்ற அலையாத்தி மரங்களைவிட நன்னீரை மிகுதியாக நாடுவது. நன்னீர் வரத்துக் குறைந்து உப்பு மிகுந்த பகுதிகளில் அம்மரம் நலிகிறது. இரண்டு ஆற்றல்களும் இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் உரிய அளவில் வந்துகொண்டிருக்க வேண்டும்.

கரை கட்டியோர் கண்டது

மனிதர் இவ்வளவை எப்போதும் பேணினார் அல்லர். சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் உள்ள 102 தீவுகளுள் 54 தீவுகளில் மக்கள் குடியேறியுள்ளனர். நெற்பயிர் உவர்நீரைத் தாங்காது. ஆகவே குடியேறியவர்கள் காட்டைத் திருத்தி, தீவுகளைச் சுற்றி மண்கரைகளை எழுப்பினர். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். உண்ண உணவு வேண்டிய உழவர்களைக் குறை கூறுதல் முறையாகாது. ஆயினும் உவர்நீரைத் தடுத்த கரை, அதனோடு வரும் வண்டலையும் தடுத்தது. வண்டல் பெறாத உள்நிலம் மெல்லத் தாழ்ந்தது. பல தீவுகளில் வயல்கள் ஓதத்தின் உயர்மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டன.

2009ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஐலா என்னும் புயல் அப்பகுதியைத் தாக்கியது. பல இடங்களில் கரைகள் உடைந்தன. உள்ளே புகுந்த உவர்நீர் தாழ்ந்த வயல்களில் தேங்கிற்று. புயல் ஓய்ந்த பின்னரும் உப்பேறிய மண்ணில் நெல் விளையாத நிலை பல ஊர்களில் நீடித்தது. பல குடும்பத்தினர் பிழைப்பு நாடிக் கேரளம், தமிழ்நாடு முதலிய தொலைவான மாநிலங்களுக்குச் சென்றனர்.

அவ்வாறாயின் கரைகளை இடித்துவிடலாமா? அதுவும் அறிவுடைமை ஆகாது; கரையில்லாத தீவில் குடியிருக்க இயலாது. கரை வேண்டும், கரையில் மதகும் வேண்டும், கரைக்கு வெளியே அலையின் வேகத்தைத் தணிக்கும் காடும் வேண்டும். வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது அடைக்கும் மதகே எதிர் ஆற்றல்களோடு வாழ்வதற்குரிய வழியைக் காட்டுகிறது.

இவ்வுவமைக்கும் ஓர் எல்லை உண்டு. எதிராக நிற்பவை அனைத்தும் நன்னீரும் உவர்நீரும் ஆகிவிடா. வாய்மைக்கும் பொய்க்கும் நடுவே, அன்புக்கும் கொடுமைக்கும் நடுவே ஒருவர் சமநிலை தேடுவது தவறு. அங்கு ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றுவதே கடமை. எவை ஒன்றையொன்று அழிப்பவை, எவை கூடி ஆக்குபவை எனப் பிரித்தறிதலே முதற்கண் வேண்டப்படும் அறிவு.

வீடும் வீதியும்

கூடி ஆக்குபவற்றுள் மொழிகளும் அடங்கும். சுந்தரவனத்திலிருந்து வந்த தொழிலாளர் தமிழ்நாட்டின் ஊர்களில் தமிழ் பேசப் பழகுகின்றனர். அதே காலத்தில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கொல்கத்தாவில் வங்காளமும், தில்லியில் இந்தியும், மும்பையில் மராத்தியும் பேசி வளர்கின்றனர். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி என அவர்களது வாழ்வும் ஒரு கழிமுகமே ஆகும்.

அங்கும் இடர் உண்டு. பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில் தாய் உரக்கத் தமிழில் அழைத்தால் பிள்ளை கூச்சத்தால் தலைகுனிகிறது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றால் பாட்டியின் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறது. நகரத்தில் “மதராசி” என்பர். ஊரில் “இந்திக்காரப் பிள்ளை” என்பர். இரண்டு இடத்திலும் அயலாராக நிற்கும் வருத்தத்தைப் பெரியவர்கள் சிறிதென எண்ணுதல் கூடாது.

இதற்கு இருவகை அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. பிழைப்புக்கு உதவாத தமிழை விட்டுவிடலாம் என்பது ஒன்று. தமிழ் அழியாதிருக்க வீதியின் மொழியை வீட்டு வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது, ஆற்றையே மறிப்பது போன்றது. இரண்டாவது, மதகில்லாத கரையை எழுப்புவது போன்றது. முதலாவதை ஏற்ற பிள்ளை, பாட்டியோடு பேசும் உரிமையை இழக்கும். இரண்டாவதை ஏற்ற பிள்ளை, தான் வாழும் ஊரின் நட்பை இழக்கும். இரண்டு இழப்பும் தேவையற்றவை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இரண்டு நீரும் தாமாகவே ஒரே அளவில் வருவதில்லை. வீதியின் மொழி ஓதம் போலக் கேளாமலே நாள்தோறும் நுழையும். வீட்டின் மொழி ஆற்றுநீர் போன்றது. தொலைவிலிருந்து வர வேண்டியது. வழியில் வற்றக் கூடியது. அது குறைந்தால் சுந்தரி மரத்தைப் போல மெல்ல நலியும். நலிவு கண்ணுக்குப் புலப்படும்போது காலம் கடந்திருக்கும். எனவே அதன் வரத்தைப் பேணுவது பெற்றோரின் பொறுப்பு. வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. உணவு வேளையில் தமிழில் உரையாடுவதும், பாட்டிக்குத் தன் கையால் நான்கு வரி எழுதுவதும், ஒரு பக்கத்தை உரக்கப் படிப்பதும் சிறிய செயல்களே. ஆறும் துளித்துளியாகவே பெருகுகிறது.

சிதம்பரத்துக்கு அருகில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு உள்ளது. அப்பகுதியில் வளரும் தில்லை மரத்தின் பெயராலேயே சிதம்பரம் பண்டு தில்லை எனப்பட்டது. அதே மரம் சுந்தரவனத்திலும் வளர்கிறது. வங்காளிகள் அதனைக் கேவா என்பர். கொல்கத்தாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இரண்டு பெயர்களும் உரியவை. ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றை மறக்க வேண்டியதில்லை. எதிர்ச்சொற்களுக்கு நடுவே இடும் குறியும் பெருக்கற்குறியே அன்றிக் கழித்தற்குறி அன்று.