பாறையேற்றம்: பலம் இளையவரிடம், பக்குவம் மூத்தவரிடம்

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்த டான் ராபின்சன், 1964-இல் ஒரு நடைவழிச் சுவரில் கல்துண்டுகளைப் பதித்து வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜான் சிரெட் என்ற மாணவர் அந்தச் சுவரிலேயே பழகிவிட்டு, பக்கத்து ஆல்ம்ஸ்கிளிஃப் பாறைக்குப் போய், அனுபவசாலிகளே தயங்கிய ‘வால் ஆஃப் ஹாரர்ஸ்’ பாதையில் ஏறிக் காட்டினார். பல வருஷம் பாறையோடு மல்லுக்கட்டினால்தான் வரும் என்று நம்பப்பட்ட திறமை, ஒரு நடைவழியில் கிடைத்துவிட்டது. இன்று உலகின் பெருநகரங்களில் முளைத்திருக்கும் உள்ளரங்க ஜிம்கள் அதே காரியத்தைத்தான் பெரிய அளவில் செய்கின்றன. இவற்றால் பாறையேற்றமே கெட்டுப்போனது என்று மூத்தவர்கள் புலம்புகிறார்கள். இளையவர்களோ வளர்ந்துவிட்டது என்று கொண்டாடுகிறார்கள். இரண்டுமே பாதி உண்மை. முன்பு ஒரே ஆளிடம் சேர்ந்து வளர்ந்த பலமும் பக்குவமும் இப்போது இரண்டு தலைமுறைகளிடம் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை மறுபடி சேர்த்துவைக்கும் கடமை, இந்த மாற்றத்தால் வருமானம் பார்க்கும் ஜிம்களுக்கே முதலில் உண்டு.

பழைய முறை எப்படி இருந்தது என்று பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், ‘கேம்ப் 4’ என்ற கூடாரத் திடலைச் சுற்றித்தான் ஐம்பது, அறுபதுகளின் பாறையேறிகள் உருவானார்கள். அனுபவம் உள்ளவர் முன்னே ஏறி, பாறை இடுக்குகளில் இரும்பு ஆணிகளை அடித்துக் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். புதியவர் பின்னால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வருவார். எந்த ஆணி தட்டியவுடன் வந்துவிட்டது, எது அசைய மறுத்தது என்பது கழற்றும் கைக்கே தெரியும். அடிக்கும் வித்தை அப்படித்தான் வந்தது. நெறியும் அதே வழியில்தான் இறங்கியது. ஆணி அடித்து அடித்துப் பாறையின் விரிசல்கள் சிதைவதைக் கண்ட இவான் ஷுனார்டும் டாம் ஃப்ராஸ்டும், 1972-இல் தங்கள் விற்பனைப் பட்டியலிலேயே, தாங்களே செய்து விற்ற ஆணிகளுக்கு எதிராக எழுதினார்கள். கையால் செருகி எடுக்கும் உலோகக் கட்டைகளுக்கு மாறச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் சுத்தியல் சத்தம் பெருமளவு அடங்கியது. சொன்னவர்கள் தங்கள் காலத்தின் முன்னணி ஏறிகள் என்பதால் சொல் எடுபட்டது.

செயற்கைச் சுவர் வந்ததும் இந்த வரிசை கலைந்தது. 1987-இல் சியாட்டிலில் அமெரிக்காவின் முதல் வணிக ஏறுகூடம் திறந்தது. 1988-இல் ஜெர்மனியின் வொல்ஃப்காங் குல்லிஷ், நியூரம்பெர்க் ஜிம் ஒன்றில் சாய்ந்த பலகையில் மரச்சட்டங்களைப் பொருத்தி, காலை ஊன்றாமல் விரல்களாலேயே தாவித் தாவிப் பயின்றார். 1991-இல் ஃப்ராங்கன்யூரா பகுதியில் அவர் ஏறிய ‘ஆக்‌ஷன் டிரெக்ட்’, 9ஏ என்ற கடினத் தரத்துக்கே இலக்கணமானது. கலிபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் ஜிம்மில் 12 வயதில் தொடங்கிய க்றிஸ் ஷர்மா, 2001-இல், 20 வயதில், பிரான்சின் சியூஸ் பாறையில் அதையும் தாண்டினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குத் தங்கம் வென்ற டோபி ராபர்ட்ஸுக்கு வயது 19. மழையோ இருட்டோ குறுக்கிடாமல், தடித்த மெத்தையின் மேல், ஒரே மாலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் விழுந்து எழலாம் என்பதுதான் இந்த வேகத்தின் ரகசியம். விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவையில்லாத இடத்தில் பலம் மட்டும் தனியாக வளர்கிறது.

எது விட்டுப்போகிறது என்பதை ஒரு பாதையின் உச்சியில் பார்க்கலாம். ஜிம்மில் உச்சி என்பது ஒரு கொக்கி; கயிற்றை அதில் மாட்டியதும் கீழே கயிறு பிடிப்பவர் இறக்கிவிடுவார். வெளியே பல பாறைகளில் இருப்பவை இரண்டு இரும்பு வளையங்கள். ஏறியவர் முதலில் ஒரு பட்டையால் தன்னை அவற்றோடு பிணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, வளையங்களுக்குள் நுழைத்து, மறுபடி முடிச்சிட்டு, தன் எடையைத் தாங்குகிறதா என்று பார்த்த பின்னரே பட்டையைக் கழற்றலாம். இடையில் அவரைத் தாங்குவது அந்தப் பட்டை மட்டுமே. கீழே இருப்பவர் தன்னை இறக்குவார் என்று மேலே இருப்பவர் நம்பியிருக்க, அவரே இறங்கிக்கொள்வார் என்று நினைத்துக் கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிடுவதும் உண்டு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 60 மீட்டர் கயிற்றால் 30 மீட்டர் பாதையிலிருந்துதான் தரை வரை இறக்க முடியும். ஜிம்மில் சுவரின் உயரத்துக்கேற்ற கயிறு தயாராகத் தொங்கும். யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. 35 மீட்டர் பாதையில், கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சுப் போடாவிட்டால், நுனி கீழே இருப்பவரின் கருவி வழியே உருவிக்கொண்டு போய்விடும். மேலிருந்து வருபவர் கடைசி 10 மீட்டரை விழுந்தே கடக்க வேண்டியதுதான். அமெரிக்க ஆல்பைன் கழகம் பல பத்தாண்டுகளாக வெளியிட்டுவரும் விபத்து அறிக்கைகளில் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வருகின்றன. விரல் பலத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

பாறையைப் பற்றிய அறிவும் இப்படித்தான் விட்டுப்போகிறது. மணற்பாறை நனைந்தால் வலுவிழக்கும். நெவாடாவின் ரெட் ராக் பகுதியில் மழைக்குப் பின் ஒன்றிரண்டு நாளாவது பொறுக்கச் சொல்வது அதனால்தான். ஜிம்மில் ஒரு பிடி உடைந்தால் ஊழியர் வேறொன்றைத் திருகிவைப்பார். பாறையில் விளிம்பு உடைந்தால், அடுத்து வருபவருக்கு அந்தப் பாதையே இல்லை. இதை இளையவருக்கு யார் சொல்வது? மூத்தவர் சொல்லலாம். ஆனால் தான் இருபது வருஷத்தில் எட்டிய தரத்தை இரண்டே வருஷத்தில் தாண்டிப்போனவரிடம் அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷுனார்டுக்கு இருந்த அனுகூலம் அவருக்கு இல்லை. அவர் எச்சரிக்கை கேட்பவருக்குப் பொறாமையாகப் படுகிறது. அவரும் பல நேரம் ஏளனத்தோடுதான் ஆரம்பிக்கிறார். தெரிந்தவர் சொல் எடுபடவில்லை, பலசாலிக்குத் தெரியவில்லை என்பதே இன்றைய தலைமுறைச் சிக்கல்.

பழைய முறையைப் பொற்காலமாக்க வேண்டாம் என்று மறுப்பவர்கள் சொல்வது நியாயம். கற்றுத்தர ஒரு தெரிந்தவர், போய்வர ஒரு கார், ஒழிந்த சனி ஞாயிறு எல்லாம் அமைந்தவருக்கே அன்று கயிறு கைக்கு வந்தது. பெண்களில் பலரும் நகரத்து ஏழைப் பிள்ளைகளும் வெளியேதான் நின்றார்கள். ஒருவர் தவறாகக் கற்றிருந்தால் அந்தத் தவறையே அடுத்தவருக்கும் கொடுத்தார், சரிபார்க்க ஆளில்லை. ஜிம் அந்தக் கதவை அகலத் திறந்தது. ஆகவே சுவரை இடிக்க யாரும் சொல்லவில்லை. உள்ளே அழைத்தவர் பாதி வழியில் கைவிடலாகாது என்பதுதான் வாதம்.

அனுபவசாலிகளும் விழத்தானே செய்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். லின் ஹில் 1989-இல் பிரான்சின் பியூக்ஸ் பாறையில் இடுப்பு முடிச்சை முழுமையாகப் போடாமல் ஏறி, 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். குறுக்கே இருந்த மரத்தால் உயிர் தப்பினார். டாட் ஸ்கின்னர் 2006-இல் யோசமிட்டியில், தேய்ந்துபோன இடுப்புப் பட்டையின் வளையம் அறுந்து இறந்தார். இவர்கள் விதி தெரியாதவர்கள் அல்லர். கவனப் பிசகுக்கு மருந்து, ஒருவர் முடிச்சை இன்னொருவர் பார்ப்பது. அறியாமைக்கு மருந்து, கற்பிப்பது. முதல் மருந்தை வழக்கமாக்குவதில் ஜிம்களுக்கே பெரும் பங்கு உண்டு. முடிச்சிடவும் கயிறு பிடிக்கவும் தேர்வு வைத்து, தேறாதவரை அவை கயிற்றைத் தொட விடுவதில்லை. காப்பீட்டுக்கும் வழக்குக்கும் பயந்து வந்த ஒழுங்காகவே இருக்கட்டும், பலன் மெய்யானது. ஆக, கற்பிக்க அவற்றால் முடியும். வாசலுக்கு வெளியே நடப்பது தங்கள் பொறுப்பல்ல என்று அவை நினைப்பதால்தான் பாடம் வாசலோடு நின்றுபோகிறது.

வருபவர்களில் பலர் பாறைக்கே போவதில்லை, அவர்களுக்கு எதற்கு இந்தப் பாடம் என்று ஜிம் நடத்துபவர் கேட்கலாம். அவர்களுக்குத் தேவையில்லைதான், சுவரேற்றம் தன்னளவில் ஒரு முழு விளையாட்டு. ஆனால் பாறைப் படங்களைச் சுவரில் மாட்டி, கயிறும் கொக்கியும் விற்கும் இடம், வாங்கியவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று தெரியாததுபோல் இருக்க முடியாது. ஜிம்மில் தொடங்கியவர்கள் பக்குவப்பட மாட்டார்கள் என்பதும் பொய். கலிபோர்னியாவின் சாண்டா ரோசா ஜிம்மில் தொடங்கிய கெவின் ஜோர்கசன், 2009-இல் டாமி கால்ட்வெல்லோடு சேர்ந்தபோது யோசமிட்டியின் எல் கேபிடன் போன்ற பெருஞ்சுவர் எதிலும் ஏறியதில்லை. கால்ட்வெல்லோ மலை வழிகாட்டியின் மகன். இருவரும் 19 நாட்கள் சுவரிலேயே தங்கி, 2015 ஜனவரியில் எல் கேபிடனின் ‘டான் வால்’ பாதையை முடித்தார்கள். 15-ஆம் கட்டத்தில் ஜோர்கசன் விரல் தோல் கிழிந்து பல நாட்கள் தவித்தபோது, தான் மட்டும் உச்சிக்குப் போயிருக்கக்கூடிய கால்ட்வெல் காத்திருந்தார். பலமும் பக்குவமும் ஒரே கயிற்றில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஜிம்களுக்குப் பெரும் செலவு ஆகாது. தரையில் நின்றபடியே பழக, மார்பு உயரத்தில் இரண்டு வளையங்களைச் சுவரில் பதிக்கலாம். பக்கத்துப் பாறைகளின் விதிகளை வாசலில் எழுதிவைக்கலாம். முதன்முறை வெளியே போகும் குழுவோடு ஒரு மூத்தவரைச் சம்பளம் கொடுத்து அனுப்பலாம். மூத்தவர்களும் ஏளனத்தை விட்டுவிட்டு அந்த வேலைக்கு வர வேண்டும். பெங்களூரு போன்ற நகரங்களில் ஜிம்கள் வந்துவிட்ட நம் நாட்டுக்கு இது இன்னும் அவசரம். இங்கே ஏறுவதற்குப் பெயர்பெற்ற ஹம்பியும் பாதாமியும் வெறும் பாறைகள் அல்ல; விஜயநகரச் சின்னங்களும் சாளுக்கியக் குடைவரைகளும் உள்ள இடங்கள். பாதாமியில் இருப்பது மணற்பாறை. ஒரு தவறான ஆணி அங்கே எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்பதை ஜிம்மின் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.