எலும்புக்கு அவசரம் தெரியாது

நீரிழிவுக்காக என்னிடம் சிகிச்சை பெறும் அம்மையார் ஒருவர் அண்மையில் கேட்டார்: “டாக்டர், முப்பரிமாண அச்சு முறையில் செய்த இம்ப்ளான்ட் வைத்தால் எலும்பு சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமாமே? சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லையாமே?” முதல் கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாவது ஆபத்தான நம்பிக்கை.

பல்லின் வேருக்கு மாற்றாகத் தாடை எலும்பினுள் பொருத்தப்படும் டைட்டானியத் திருகே இம்ப்ளான்ட். எலும்பு டைட்டானியத்தோடு இணைந்து வளர்வதை 1952இல் முயல்களிடம் நடத்திய ஆய்வின்போது கண்டவர், சுவீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரோனமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு அவர் இதனைப் பொருத்தினார். அன்று முதல் இம்ப்ளான்ட்கள் பெரும்பாலும் உலோகத் தண்டைக் கடைந்தே செய்யப்படுகின்றன. புதிய முறையில், டைட்டானியப் பொடியை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, லேசர் கதிரால் உருக்கி உருவாக்குகின்றனர். இதனால் மேற்பரப்பில் நுண்துளைகளை அமைக்க இயலும். அத்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும். உலோகத்தின் விறைப்பும் குறைவதால், மெல்லும் விசையை எலும்பும் பகிர்ந்துகொள்கிறது. இவை மெய்யான நன்மைகளே.

ஆயினும் புண்ணை ஆற்றுவது உடலே. திருகைப் பொருத்தியவுடன் சுற்றிலும் இரத்தம் உறைகிறது. அவ்வுறைவினுள் புதிய இரத்தக் குழாய்களும் எலும்பை உருவாக்கும் செல்களும் நுழைகின்றன. முதலில் தோன்றுவது ஒழுங்கற்ற இளம் எலும்பு. அதே வேளையில், திருகை இறுகப் பிடித்திருந்த பழைய எலும்பு சிறிது கரைகிறது. ஆகவே இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பிடிப்பு சற்றுத் தளர்வதுண்டு. வலி நின்றுவிட்டதால் எல்லாம் ஆறிவிட்டது என்று நோயாளி நம்பும் காலமும் அதுவே. அப்போது கடினமானவற்றைக் கடித்து, இம்ப்ளான்ட் மீண்டும் மீண்டும் அசைந்தால், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளரும். இம்ப்ளான்ட் ஆடத் தொடங்கும். இளம் எலும்பு முதிர்ந்து உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும்.

கட்டுப்படாத சர்க்கரை இப்பணியைத் தாமதப்படுத்துகிறது, தொற்றுக்கும் இடமளிக்கிறது. புகைபிடித்தல் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகள், தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலை மட்டுப்படுத்துகின்றன. எந்த அச்சு இயந்திரமும் இவற்றை ஈடுசெய்யாது. மேலும், கடைந்து செய்த இம்ப்ளான்ட்களுக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. அச்சிட்டவற்றுக்கு அத்தனை நீண்ட அனுபவம் இன்னும் இல்லை.

ஆகவே, “எந்த முறையில் செய்தது?” என்று கேட்பதற்கு முன், “என் உடல் இதற்கு ஆயத்தமாக உள்ளதா?” என்று கேளுங்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஊசி உட்பட, பல் மருத்துவரிடம் கூறுங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மென்மையான உணவையே உண்ணச் சொன்ன காலம் முடியும்வரை, வீட்டிலுள்ளோரும் முறுக்கையும் சீடையையும் நீட்டாதிருப்பது நல்லது.

அந்த அம்மையாரின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. அது குறையும்வரை சிகிச்சையைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டேன். மகள் திருமணத்துக்குள் பல் வேண்டும் என்றிருந்தவர் முகம் வாடினார். அதுவரை கழற்றி மாட்டும் பல்செட் அணியலாம் என்றதும் இசைந்தார். சில மாதக் காத்திருப்பு, பல்லாண்டு மெல்வதற்கான முதலீடு.