இலை ஊதும் இயந்திரம்: ஒரு டாக்டரின் அபிப்பிராயம்



இந்தப் பக்கத்தில் டாக்டர் எழுதுகிறார் என்றால் சர்க்கரை வியாதி, அல்லது கொலஸ்ட்ரால் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இம்முறை அவை இரண்டும் இல்லை. நம் கோயில் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையில் ஆணியில் தொங்குகிறதே, பெட்ரோலில் ஓடும் இலை ஊதும் இயந்திரம், அதைப் பற்றி எழுத உத்தேசம். "இதற்குக்கூட டாக்டர் வேண்டுமா?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து அடுத்த பத்தியை மட்டுமாவது படியுங்கள்.

சென்ற வருஷம் கந்த சஷ்டிக்கு முந்தின சனிக்கிழமை சிரமதானம் நடந்தது நினைவிருக்கும். வெளியே தூறல். நம் இளைஞர் குழுவைச் சேர்ந்த ஒரு பிள்ளை, மழை நின்றதும் வேலையைத் தொடங்கலாம் என்று சாமான் அறைக்குள்ளேயே இயந்திரத்தைக் கிளப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தான். சாரல் உள்ளே அடிக்கிறது என்று கதவை முக்கால்வாசி சாத்தியிருந்தான். கால் மணி நேரம் கழித்துத் தலைவலி, குமட்டல், கண் இருட்டல் என்று வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான். சஷ்டி விரதம் இருந்தவன் ஆதலால், "வெறும் வயிறு, பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று பெரியவர்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலுதவிப் பெட்டியிலிருந்து விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியை ஒருவர் எடுத்து மாட்டினார். 98 என்று காட்டியது. எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் இல்லை.

காரணம் இதுதான். பெட்ரோல் எரியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். விரல் மானிக்கோ இது வேறு, அது வேறு என்று பிரித்தறியத் தெரியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் சிவப்பாகவே இருப்பதால் அதையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணி 98 என்று காட்டிவிடும். இதை அங்கத்தினர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். புகை சம்பந்தப்பட்ட இடத்தில் அந்த எண்ணை நம்பவே கூடாது. பிள்ளையை என் காரில் ஏற்றி எமர்ஜென்ஸிக்கு அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் 18 சதவிகிதம் என்று வந்தது. புகைபிடிக்காத ஒருவருக்கு அது 2, 3 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பினான். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்தால் இந்த வாயு பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். இன்னும் கால் மணி நேரம் அவன் உள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. அவனும் அவன் பெற்றோரும் சம்மதித்த பிறகே இவ்வளவும் எழுதுகிறேன். நல்ல பிள்ளை, "என்னைப் பற்றி எழுதுங்கள் அங்கிள், பெயர் மட்டும் வேண்டாம்" என்றான்.

இது அவன் குற்றமா? இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். நிர்வாகக் குழு 400 டாலருக்கு மேல் கொடுத்து இயந்திரம் வாங்கியது. அதோடு வந்த கைப்புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. யார் ஓட்டலாம், எங்கே ஓட்டலாம், என்ன அணிய வேண்டும் என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. காதுக்கு மூடி வாங்கவில்லை. குதிரையை வாங்கிவிட்டுக் கடிவாளத்தை மறந்த கதை. அந்தக் குழுவில் நானும் ஓர் அங்கத்தினன் என்பதால் இந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

காதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இது என் சொந்தக் கதையும்கூட. பதினைந்து வருஷம் என் வீட்டுப் புல்வெளியில் இதே போன்ற இயந்திரத்தை வெறும் காதோடு ஓட்டினேன். நோயாளிகளுக்கெல்லாம் புத்தி சொன்ன வாய், தன் காதுக்குச் சொல்லவில்லை. இன்று என் இரண்டு காதுகளிலும் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. இரவு வீடு அடங்கியதும் அது தன் கச்சேரியை ஆரம்பிக்கும். இதற்கு மாத்திரை கிடையாது.

உள்காதில் நத்தை ஓடு போன்ற எலும்புக்குள், ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் சுமார் பதினைந்தாயிரம் இருக்கின்றன. பிறக்கும்போது கொண்டுவந்ததுதான், செத்தது மறுபடி முளைக்காது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி என்று குறைந்துகொண்டே போய், 100 டெசிபலில் வெறும் பதினைந்து நிமிஷம். பெட்ரோல் ஊதியை ஓட்டுபவரின் காதருகே சத்தம் அந்த நூறைத் தொடுவது சாதாரணம். நம் கார் நிறுத்துமிடத்தைச் சுத்தம் செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதலில் போவது மெல்லிய, உச்சமான ஒலிகள். 4,000 ஹெர்ட்ஸ் அளவில் காதின் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. பேத்தி சொல்வது விளங்காமல் சும்மா தலையாட்டிச் சிரிக்கும் தாத்தாக்கள் நம் கூட்டத்தில் எத்தனை பேர்! பஞ்சை அடைத்துக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பஞ்சு பயன் தராது. நுரைச் செருகியை விரலால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். அதற்கு மேல் காது மூடியும் போட்டுக்கொண்டால் உத்தமம். இரண்டும் சேர்ந்து முப்பது, நாற்பது டாலருக்கு மேல் ஆகாது.

இனி எரிபொருள் விஷயம். இந்த நாட்டில் பெட்ரோலுக்குக் கேஸ் என்று பெயர்; ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் சிலிண்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் இயந்திரம் இரண்டு ஸ்ட்ரோக் வகை. என் அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டருக்கு பங்கில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றுவார்களே, பின்னால் நீலப் புகை வருமே, அதே ஜாதி. எஞ்சினுக்குத் தனியாக ஆயில் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் அதற்கு உயிர். கைப்புத்தகத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன்: ஐம்பதுக்கு ஒன்று. அதாவது ஒரு காலன் பெட்ரோலுக்கு 2.6 அவுன்ஸ் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில். கார் ஆயில் உதவாது. நம் முதல் இயந்திரம் எப்படிச் செத்தது என்று பலருக்குத் தெரியாது. ஒரு புண்ணியவான் வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டார், சில நிமிஷத்தில் பிஸ்டன் இறுகிவிட்டது.

இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாயையும் கார்புரேட்டரையும் கெடுக்கும். பதினைந்து சதவிகிதக் கலவையைச் சிறு எஞ்சின்களுக்கு ஊற்றவே கூடாது. கலந்த தேதியைக் கேனில் எழுதிவைத்து, முப்பது நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நாம் வருஷத்தில் ஆறேழு தடவைதான் ஓட்டுகிறோம். ஆகவே எத்தனால் இல்லாமல் முன்பே கலந்து டப்பாவில் விற்பதை வாங்குவதே புத்திசாலித்தனம். விலை அதிகம்தான். ரிப்பேர் கடைக்காரருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

சாமான் அறையில் நான் கண்ட இன்னொரு காட்சியைச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வராது. சிவப்புப் பெட்ரோல் கேன், தீப எண்ணெய் டின்கள், கற்பூரப் பெட்டிகள், மூன்றும் ஒரே தட்டில். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு அடுப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். குளிர்காலத்திலும் அது ஆவியாகும். பனி பெய்கிறதே என்று அலட்சியம் கூடாது. மறுநாளே கேனை வெளிக் கொட்டகைக்கு மாற்றச் செய்தேன். அது அங்கேயே இருக்கட்டும். விளக்குக்கு எண்ணெய் எடுக்கப் போன மாமி யாரும் அந்தக் கேனைத் தொடும்படி நேரக் கூடாது.

எரிபொருள் ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மூடியை மெதுவாகத் திறக்க வேண்டும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய்த்தான் கிளப்ப வேண்டும். பங்கில் கேனை நிரப்பும்போது அதைக் கார் டிக்கியில் வைத்தபடியே நிரப்பாமல் தரையில் இறக்கி வையுங்கள். நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும்.

உடையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வேஷ்டியோடு இயந்திரத்தைத் தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த இயந்திரம் ஒரு பக்கம் காற்றை உறிஞ்சித்தான் மறு பக்கம் ஊதுகிறது. அங்கவஸ்திரம், துப்பட்டா, நீளமான கூந்தல், கழுத்துச் சங்கிலி எல்லாம் உறிஞ்சும் வாய்க்கு ஆகாரம். பேண்ட், மூடிய ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. அன்று ஒரு நாள் சுவாமிக்கு முன்னால் வேஷ்டி இல்லாமல் நின்றால் சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார். ஊதும் காற்று மணிக்கு 150 மைல் வேகத்துக்கு மேல் வரும். அதில் ஒரு சிறு கல் என்ன செய்யும் என்பதைக் கண் டாக்டரிடம் கேளுங்கள். ஐம்பதடி சுற்றளவில் யாரும் நிற்கக் கூடாது. பாலவிகார் குழந்தைகள் வரும் நேரத்தில் இதைக் கிளப்புவது பாவம் என்றே சொல்வேன்.

கோபுரத்தின் கீழே சேரும் புறா எச்சத்தை இதைக் கொண்டு ஊதவே கூடாது. நம் ஒஹையோ நதிப் பள்ளத்தாக்கில் பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளர்கிறது. காய்ந்த தூசியாகக் கிளம்பி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா போன்ற வியாதி வரும். முதியவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அது கடுமையாக இருக்கும். முகக் கவசம் போட்டு, தண்ணீரால் நனைத்து, வாரி எடுங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தையல்ல. காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்பார்க் பிளக், புகைக்குழாயில் உள்ள பொறித்தடுப்பு வலை, தொட்டிக்குள் இருக்கும் சிறு வடிகட்டி இவற்றைப் பருவத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். எரிபொருள் குழாய் வெடித்திருக்கிறதா, நிறுத்தும் ஸ்விட்ச் உண்மையாகவே நிறுத்துகிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பனி தொடங்கும் முன் தொட்டியைக் காலி செய்து, வெளியில் வைத்துத் தானே அடங்கும் வரை ஓடவிட்டு எடுத்து வைக்க வேண்டும்.

சரி, இவ்வளவு தொல்லை தரும் இயந்திரம் நமக்குத் தேவைதானா? கலிபோர்னியா 2021-ல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி முதல் இவ்வகைப் புதிய பெட்ரோல் சிறு எஞ்சின்கள் விற்பனைக்குத் தடை விதித்தது. வாஷிங்டன் நகரில் 2022 ஜனவரி முதல் பெட்ரோல் ஊதியை உபயோகிக்கவே கூடாது. அந்த வணிக ரக ஊதியை ஒரு மணி நேரம் ஓட்டினால், புகைமூட்டத்தை உண்டாக்கும் மாசு, ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டென்வர் வரை 1,100 மைல் ஓட்டியதற்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. உடனே தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நன்கொடைப் பணத்தில் வாங்கியது. ஆனால் இது கெட்டுப்போனால் அடுத்தது பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். சன்னதியைச் சுற்றியுள்ள நடைபாதைக்கு இயந்திரமே வேண்டாம். விளக்குமாறும் வாரியும் போதும். அதில்தான் பத்துப் பேர் கூடிப் பேசிக்கொண்டே வேலை செய்ய முடியும்.

"ஆள் வைத்துச் செய்துகொள்ளலாமே, நமக்கு ஏன் வம்பு?" என்று ஒரு நண்பர் கேட்டார். வரும் ஆளுக்கும் காது இருக்கிறது என்றேன்.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். கோயில் கட்ட ஊராட்சி அனுமதி கேட்டபோது, அமைதிக்குப் பங்கம் வராது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் நாம். அபிஷேகத்துக்கு முன் முடித்துவிடலாம் என்று ஞாயிறு காலை ஏழரை மணிக்கு இதைக் கிளப்பினால், பக்கத்து வீட்டு வயோதிகத் தம்பதிகள் எத்தனை வாரம் பொறுப்பார்கள்? வாகன நிறுத்துமிடத்தை விஸ்தரிக்க மறுபடி அதே ஊராட்சியிடம்தான் போக வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்வோம்.

இயந்திரத்தின் பொறுப்பை இரண்டே பேரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று காரியதரிசிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு வயது நிரம்பிய, கைப்புத்தகத்தைப் படித்த இரண்டு பேர். வரும் மாத முதல் சனிக்கிழமை பத்து மணிக்குக் கொட்டகை அருகே இருப்பேன். இரண்டு ஜோடி காது மூடி வாங்கி வைத்திருக்கிறேன். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் பேண்ட் போட்டுக்கொண்டு வரவும்.