இருபது விழுக்காடு நீதி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு பஃபலோ சாலைப் பக்கம் வந்தபோது, முன்பு என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். இப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. கையில் தலைக்கவசம், முகத்தில் கவலை. தேநீர் அருந்த அமர்ந்தோம்.

மூன்று மாதங்களுக்கு முன்புதான் இரண்டாம் வகுப்பு ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கிறார். 1,000 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து முன்பணமும் கட்டிவிட்டார். பிறகுதான் காப்புறுதி பற்றிக் கேட்டிருக்கிறார். இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன. மூன்றாவது நிறுவனம் சொன்ன தொகை, அவர் பழைய 200 சிசி வண்டிக்குக் கட்டியதைப் போலப் பன்மடங்கு.

தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னார். "ஐயா, உங்களிடம் இரண்டாம் வகுப்பு உரிமம் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. வண்டியை உங்கள் பெயரில் பதிந்து, நீங்களே ஓட்டுவதாகக் காட்டினால் கட்டணம் வெகுவாகக் குறையும் என்று கடைக்காரர் சொல்கிறார். பணம் முழுவதும் நான்தான் கட்டுவேன்."

மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதையும், மறுத்த பிறகும் அவர் பக்கம் நியாயம் இருப்பதாக ஏன் கருதுகிறேன் என்பதையும் எழுதுவதே இப்பதிவின் நோக்கம்.

முதலில் மறுப்பு. காப்புறுதி விண்ணப்பத்தில், அறிந்த உண்மைகள் அனைத்தையும் முழுமையாகவும் நேர்மையாகவும் தெரிவிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அதன் கீழ்க் கையொப்பமிட்டுவிட்டு, ஓட்டாதவன் ஓட்டுவதாக எழுதுவது பொய்ச்சான்று. பல கடைகளில் படிவத்தை விற்பனையாளரே நிரப்பிவிடுகிறார். வாங்குபவர் அதை வாசிப்பதே இல்லை. விபத்து நேராதவரை யாரும் கேட்கமாட்டார்கள். நேர்ந்தபின் கேட்கப்படும் முதல் கேள்வியே "உண்மையில் இவ்வண்டியை ஓட்டுபவர் யார்?" என்பதாகத்தான் இருக்கும். வண்டிக்கான இழப்பீடு கிடைக்காது. அடிபட்டவருக்கு நிறுவனம் வழங்க நேரும் தொகையும் நம்மிடமே திரும்பி வரலாம்.

மாணவர் விடவில்லை. "குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொன்னதை நீங்கள்தானே கற்பித்தீர்கள்?" என்றார். நன்றாகத்தான் படித்திருக்கிறார்! ஆனால் அந்தக் குறளின் உயிர் 'குற்றமற்ற' என்னும் அடைமொழியில் இருக்கிறது. இந்தப் பொய்யில் நன்மை அவருக்கு. இடர் சாலையில் நடக்கும் முன்பின் அறியாதவருக்கு. இதில் குற்றமின்மை எங்கே இருக்கிறது?

இனி அவர் பக்கத்து நியாயம்.

சிங்கப்பூரில் யாரும் ஒரே நாளில் பெரிய வண்டியில் ஏறிவிட முடியாது. பதினெட்டு வயதில் 2பி உரிமம், 200 சிசி வரை. குறைந்தது ஓராண்டு கழித்து 2ஏ, 400 சிசி வரை. மேலும் ஓராண்டு கழித்தே இரண்டாம் வகுப்பு. மூன்று முறை பயிற்சி, மூன்று முறை தேர்வு. மகிழுந்து ஓட்டுநருக்கு இத்தகைய ஏணி இல்லை. தேர்வில் வென்ற மறுநாளே எத்துணை ஆற்றல் வாய்ந்த மகிழுந்தையும் அவர் ஓட்டலாம். அரசு இவ்வளவு கவனமாகக் கட்டிய ஏணியை, நான் பார்த்த காப்புறுதிப் படிவங்கள் கண்டுகொள்ளவே இல்லை. வயதைக் கேட்கின்றன, உரிமம் எத்தனை ஆண்டு என்று கேட்கின்றன. தேர்வுக்குப் பின் மேற்பயிற்சி பெற்றீர்களா என்று கேட்க ஒரு கட்டம்கூட அவற்றில் இல்லை.

இதைவிடப் பெரிய அநீதி ஒன்று உண்டு. இழப்பீடு கோராத ஓட்டுநருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் கழிவை இங்கு 'என்சிடி' என்பர். தனியார் மகிழுந்துக்கு முதலாண்டு முடிவில் 10 விழுக்காடு. ஆண்டுக்குப் பத்தாக உயர்ந்து ஐந்தாண்டுகளில் 50 விழுக்காடு. மோட்டார் சைக்கிளுக்கோ ஓராண்டில் 10, ஈராண்டில் 15, மூன்றாண்டில் 20. அத்துடன் கதவு மூடிவிடும். முப்பது ஆண்டுகள் ஒரு கீறலும் இன்றி ஓட்டினாலும் 20தான்.

"மோட்டார் சைக்கிளில் ஆபத்து அதிகம்" என்பார்கள். மறுக்கவில்லை. இந்நாட்டு வாகனங்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்றே மோட்டார் சைக்கிள். ஆனால் சாலையில் உயிரிழப்போரில் பாதியளவோ அதற்கு மேலோ அதில் செல்வோர். பெரிய வண்டியின் உதிரிபாகங்களும் விலை மிகுந்தவை. ஆகவே புதியவரிடம் அதிகக் கட்டணம் கேட்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் அடிப்படைக் கட்டணம் இடரின் விலை. கழிவு கவனத்தின் பரிசு. இவை இரண்டு வேறு கணக்குகள். இடர் மிகுந்த இடத்தில் கவனம் காப்பாற்றுவதும் மிகுதி. அப்படியானால் பரிசும் மிகுதியாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே தலைகீழாக இருக்கிறது. ஆபத்து அதிகம் என்று கட்டணத்தை ஏற்றுகிறீர்கள். அதே காரணத்தைக் காட்டிப் பரிசையும் குறைக்கிறீர்கள். ஒரே தவறுக்கு இருமுறை பிரம்படி கொடுக்கும் ஆசிரியரை எந்தப் பெற்றோராவது பொறுத்துக்கொள்வாரா?

மேலும், கழிவு உரிமையாளருக்கே உரியது. தந்தையின் வண்டியை மூன்றாண்டுகள் கவனமாக ஓட்டிய மகன், தன் பெயரில் வண்டி வாங்கும் நாளில் சுழியத்திலிருந்து தொடங்குகிறான். நேர்மையாக ஓட்டியதற்கு ஏட்டில் இடமில்லை; பெயரை மாற்றி எழுதுவதற்கு மட்டும் ஆதாயம் உண்டு. அந்தக் கடைக்காரரின் யோசனை வானத்திலிருந்து விழவில்லை. இந்த ஏற்பாடே அதை ஈன்றது.

1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்றாம் தரப்பினரின் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதி கட்டாயம். அதின்றி வண்டி ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஓராண்டுக்கு ஓட்டும் தகுதியும் பறிபோகும். காப்புறுதி இல்லாமல் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது. வாங்கியே தீர வேண்டும் என்று சட்டம் ஆணையிடும் ஒரு பொருளை, விலை எப்படி வந்தது என்று விளக்காமல் விற்பது முறையா? "மறுக்கப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் பதிலாகுமா?

நான் கேட்பவை மூன்றே. பொதுக் காப்புறுதிச் சங்கமும் நிறுவனங்களும் மோட்டார் சைக்கிளுக்கான கழிவின் உச்சவரம்பை உயர்த்தட்டும். பெயர் குறிப்பிடப்பட்ட ஓட்டுநரின் நல்ல ஆண்டுகளும் ஏட்டில் ஏறட்டும். மேற்பயிற்சி பெற்றவருக்கு அதற்கான கழிவு கிடைக்கட்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் காப்புறுதியின் விலையைக் கேளுங்கள். 2017 பிப்ரவரி முதல், 5,000 வெள்ளிக்கு மேற்பட்ட மதிப்புடைய வண்டிகளுக்குக் கூடுதல் பதிவுக் கட்டணமும் படிப்படியாக ஏறுகிறது; வாகன உரிமைச் சான்றிதழின் விலையோ 2022இல் 10,000 வெள்ளியையே கடந்தது. எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும்போதுதான் பொய் எளிய வழியாகத் தெரிகிறது. உணவு விநியோகத்துக்கு வண்டியைப் பயன்படுத்தினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காப்புறுதி அதற்கு உதவாது.

என் மாணவர் அன்று மனக்கசப்போடுதான் எழுந்து சென்றார். தேநீருக்கு அவரே பணம் கொடுத்தார். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்தார். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பாதாம். ஓராண்டுக்கு 400 சிசி வண்டியே போதும், தம் பெயரிலேயே, என்றார்.

அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். நேர்மையாக இருந்ததற்கு அவர் கொடுத்த விலை அந்த முன்பணம். மூன்றாண்டுகள் கவனமாக ஓட்டினால் அவருக்குக் கிடைக்கப்போவது இருபது விழுக்காடு. வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.