பதிலுக்குப் பிரேம் போடாதீர்கள், கடிதத்தைப் படியுங்கள்



"மதவெறிக்கு இந்த அரசு துணை போகாது" என்று ஜோர்ஜ் வொஷிங்டன் யூதர்களுக்கு எழுதினாராம். "தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று பலர் அதைப் பகிர்கிறார்கள். வரலாறு படிப்பிக்கும் எங்களால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வாசகம் முதலில் வொஷிங்டனுடையதே அல்ல. 1790 ஆகஸ்டில் அவர் றோட் ஐலன்டின் நியூபோர்ட் நகருக்கு வந்தபோது, அங்கிருந்த சிறிய யூத சமூகத்தின் சார்பில் மோசஸ் செய்சாஸ் என்பவர் கொடுத்த வரவேற்பு மடலில்தான் அது இருந்தது. முன்பு எங்களுக்குக் குடியுரிமைகள் மறுக்கப்பட்டிருந்தன என்பதையும் அவர் அதில் மறக்காமல் எழுதினார். ஜனாதிபதி அந்தச் சொற்களையே எடுத்துப் பதிலில் திருப்பிக் கொடுத்தார். ஒரு சாரார் தயவு பண்ணி இன்னொரு சாராரைச் சகித்துக்கொள்ளும் காலம் போய்விட்டது, இது பிறப்புரிமை என்றும் சேர்த்துக்கொண்டார். நல்ல பதில்தான். ஆனால் சொல் பிறந்த இடம் குடிமகனின் பேனா. புகழ் மட்டும் ஏன் தலைவருக்கு?

1801 இல் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பப்டிஸ்ட் சபையினர் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனுக்கு எழுதினார்கள். எங்கள் மதச் சுதந்திரம் எங்களுக்குச் சலுகையாகத் தரப்படுகிறது, உரிமையாக அல்ல என்பதே அவர்களின் முறைப்பாடு. 1802 ஜனவரி 1ஆம் திகதி ஜெபர்சன் அனுப்பிய பதிலில்தான் மதத்துக்கும் அரசுக்கும் இடையிலான "மதில்" என்ற பிரபலமான சொல் வந்தது. சரி, கனெக்டிகட்டில் ஒரு சபைக்கு மட்டும் இருந்த அரச அந்தஸ்து எப்போது நீங்கியது? 1818 இல். இடையில் 16 வருடங்கள். பதில் வந்த அன்றே வேலை முடிந்தது என்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்?

இதைவிடக் கசப்பான கதை பெஞ்சமின் பனேக்கருடையது. மேரிலாந்தின் சுதந்திரக் கறுப்பினத்தவர், தானே படித்து வானியல் கணித்தவர். 1791 ஆகஸ்ட் 19 அன்று, அப்போது இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜெபர்சனுக்குத் தன் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியோடு ஒரு கடிதம் அனுப்பினார். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய நீங்களே என் சகோதரர்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்களே என்று நேருக்கு நேர் கேட்டார். 11 நாளில் மரியாதையான பதில் வந்தது. அடிமைகளுக்கு விடுதலை வரவில்லை. பனேக்கர் இறந்த பின், 1809 இல், அவருடைய திறமையையே சந்தேகித்து ஜெபர்சன் இன்னொருவருக்கு எழுதினார்.

1800 ஜனவரியில் பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் காங்கிரசுக்கு மனுக் கொடுத்தார்கள். மனுக் கொடுக்கும் உரிமை அரசியலமைப்பில் ஏறி 8 வருடம் கடந்திருந்தது. அந்த மனுவின் முக்கிய கோரிக்கைகளுக்கு ஆதரவு தரக்கூடாது என்று பிரதிநிதிகள் சபை 85க்கு 1 என்று தீர்மானித்தது.

"அப்படியென்றால் எழுதி என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்களுக்கும் எங்கள் பதில் இருக்கிறது. பனேக்கர் தன் கடிதத்தையும் ஜெபர்சனின் பதிலையும் பூட்டி வைக்கவில்லை. 1792 இல் இரண்டும் சேர்ந்து சிறு நூலாக அச்சாகின. அடிமை முறையை எதிர்த்தவர்களின் கைகளில் அது ஆயுதமானது. தலைவர் சொன்னதும் செய்யாததும் ஊருக்குத் தெரிந்தது.

ஆகவே உறவுகளே, தலைவர்களுக்கு எழுதுவோர் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். தயவு கேட்டு எழுதாதீர்கள், உரிமையைச் சொல்லி எழுதுங்கள். பதில் வந்தால் அதோடு படம் எடுத்துப் போடுவதற்கு முன், என்ன செய்வதாகச் சொல்லியிருக்கிறார், எப்போது செய்வார் என்று வாசியுங்கள். அது அதில் இல்லையென்றால், அடுத்த கடிதத்தை அன்றே எழுதத் தொடங்குங்கள். பிரதியை எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.