வேலி இல்லாத தெரு



கணிப்பொறியின் நினைவகத்தை ஒரு நீண்ட தெருவாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நிரலுக்கு அதில் 10 வீடுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அது 11ஆவது வீட்டில் நுழைந்தால் என்ன ஆகும்? 'சி' மொழியில் தடுப்பார் எவருமில்லை. அங்குள்ள தகவல் அழியலாம். அடுத்தவர் இரகசியம் வெளியேறலாம்.

'சி' மொழியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கினார். அன்று நினைவகம் சிறியது; விலையோ மிக அதிகம். வேகமே பெரிதாக இருந்தது. ஆனால், அந்த வேகத்திற்கு நாம் இன்றும் விலை கொடுத்து வருகிறோம்.

2014இல் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' பிழையைப் பாருங்கள். இணையத்தில் இரகசியம் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் அது இருந்தது. ஒரு கணிப்பொறி சிறு செய்தியை அனுப்பி, "இதன் நீளம் 64,000 எழுத்து, திருப்பி அனுப்பு" என்று பொய் சொன்னால் போதும். மறுமுனை நீளத்தைச் சரிபார்க்காமல், பக்கத்து நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களையும் சேர்த்து வாரிக் கொடுத்துவிடும்!

"கவனமாக எழுதினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாப்ட் 2019இல் அறிவித்தது. அவற்றை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். மனிதர் தவறக்கூடியவர். எனவே காவலை மொழியிடமே ஒப்படைப்பதுதான் அறிவுடைமை.

ஜாவா, பைதான் போன்ற மொழிகள் நிரல் ஓடும்போது எல்லையைச் சோதிக்கின்றன. 2015இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த 'ரஸ்ட்' மொழியும் அவ்வாறே சோதிக்கிறது. அத்துடன், எந்தத் தகவல் யாருக்கு உரியது என்பதை நிரல் ஓடுமுன்பே அதன் கம்பைலர் ஆராய்ந்து, தவறு கண்டால் ஏற்க மறுக்கிறது. இதனால் வேகமும் பெரிதாகக் குறைவதில்லை.

அப்படியானால் பழைய நிரல்களை எல்லாம் தூக்கி எறியலாமா? கூடாது. அவற்றை மீண்டும் எழுதப் புகுந்தால் புதிய பிழைகள் புகும். புதிதாக எழுதுவதை மட்டும் பாதுகாப்பான மொழியில் எழுதுவதே நல்ல வழி. ஆண்ட்ராய்டில் இவ்வாறு செய்ததால், பாதுகாப்புக் குறைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்தது, 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்தது.

தவறான கணக்கை எந்த மொழியும் சரியாக்காது. சிந்திக்கும் பொறுப்பு நம்முடையதே. 'சி' மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். நினைவகம் இயங்கும் விதம் அதில் நன்கு விளங்கும். ஆனால் பிறர் நம்பிப் பயன்படுத்தும் நிரலை எழுதும் நாளில், வேலியுள்ள மொழியைத் தேர்ந்தெடுங்கள்.